வினையில் தங்கும் விசை



சில ஆண்டுகளுக்கு முன், என்னிடம் பயின்ற இளைஞர் ஒருவர் கையில் கட்டுடன் என் இல்லத்துக்கு வந்தார். தமக்கு நேர்ந்த விபத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய விண்ணப்பத்தைத் திருத்தித் தருமாறு வேண்டினார். நடந்ததை முதலில் தமிழில் கூறச் சொன்னேன்.

"லாரி சீறிப் பாய்ந்து வந்தது, ஐயா. என்னைத் தூக்கி எறிந்துவிட்டது" என்றார்.

ஆங்கிலத் தாளிலோ, லாரி 'கேம்', நான் 'ஃபெல்' என்றிருந்தது. லாரி வந்தது, நான் விழுந்தேன். இலக்கணப் பிழை இல்லை. ஆனால், படிப்பவர் இவரே கால் இடறி விழுந்தார் என்று எண்ணுவார் அன்றோ?

இப்பிழை எங்ஙனம் நேர்ந்தது? தமிழில் வேகத்தையும் விசையையும் பெரும்பாலும் வினையெச்சம் தாங்குகிறது. 'சீறி', 'பாய்ந்து' என்பன எச்சங்கள்; 'வந்தது' என்பது முற்று. அவர் முற்றை மட்டும் மொழிபெயர்த்தார், எச்சங்கள் உதிர்ந்துபோயின. ஆங்கிலமோ வேகத்தை முற்றிலேயே வைத்து, திசையைச் சிறு சொல்லால் உணர்த்தும். 'ஓடி உள்ளே வந்தான்' என்பது அங்கே 'ரேன் இன்' ஆகிவிடும்.

இவ்வேற்றுமையை லெனார்டு டால்மி என்னும் அமெரிக்க மொழியியலறிஞர் 1985 இல் விரிவாக ஆராய்ந்து எழுதினார். நம் புதுவையில் பிரெஞ்சு பயில்வோர் அறிவர்: அம்மொழியும் 'ஓடிக்கொண்டு நுழைந்தான்' என்றே இயல்பாகச் சொல்லும். சீனரோ 'ஓடு, நுழை, வா' என மூன்று வினைகளை அடுக்குவர். ஆகவே, ஆங்கிலம் பயிலும்போது இடர்ப்படுவோர் நாம் மட்டும் அல்லோம்.

மற்றோர் இடரும் உண்டு. நம் 'பாய்' என்னும் ஒரு வினை எத்தனை வேலை செய்கிறது! ஆறு பாய்கிறது, அது 'ஃப்ளோ'. புலி இரைமேல் பாய்கிறது, அது 'பவுன்ஸ்'. காளை ஆள்மேல் பாய்கிறது, அது 'சார்ஜ்'. நீரில் பாய்ந்தான், அது 'ப்ளஞ்ஜ்'. அகராதியில் முதலில் காணும் சொல்லை எடுத்தால் காளை ஆறாய் ஓடிவிடும்!

நம் கடற்கரைச் சாலையில் சற்று நின்று பாருங்கள். கல்லிடுக்கில் நண்டு சட்டென ஓடி மறைகிறது, அது 'டார்ட்'. சிறுவன் பந்தை எடுக்கச் சிறு தொலைவு விரைகிறான்; அது 'டாஷ்'. அலை பாறையில் ஓங்கி மோதுவதற்கும் 'டாஷ்' என்னும் அதே சொல் பொருந்தும். கட்டுக்கடங்காத வேகத்தில் ஒன்று வருமாயின் 'ஹர்ட்டில்'. யார், எதை நோக்கி, எவ்வளவு தொலைவு, எத்தகைய விசையுடன் என்று வினவிய பின்னரே சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

இனி அவ்விளைஞரின் தாளுக்கு வருவோம். 'ஹர்ட்டில்' என்று எழுத அவர் ஆவலுற்றார். "லாரி கட்டுக்கடங்காமலா வந்தது?" என்று கேட்டேன். சற்றுச் சிந்தித்து, "இல்லை, ஐயா. வேகமாக வந்தது, கடைசியில் பிரேக் போட்டார்" என்றார். ஆகவே, விரைந்து வந்தது என்னும் பொருளில் 'ஸ்பீட்' என்னும் வினையை அமைத்தோம். பிரேக் போட்டதையும் சேர்த்தோம். 'ஃபெல்' இருந்த இடத்தில், தூக்கி எறியப்பட்டேன் என்னும் பொருள்பட, 'ஃபிளிங்' என்பதன் செயப்பாட்டு வடிவத்தை எழுதினோம்.

மென்மையான சொல் உண்மையை மறைக்கும். மிகையான சொல் பொய்யாகும். இரண்டுக்கும் நடுவே பொருந்தும் சொல்லைத் தேடுவதே மொழிப் பயிற்சி.