உப்பு கூடினால் உருண்டை இறங்காது

கண்ணாடிக் குடுவைக்குள் வண்ண உருண்டைகள் மெல்ல எழும்பி, மேலே போய்ச் சற்று நின்று, மறுபடி இறங்கிவரும் விளக்கைச் சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். அதற்கு லாவா விளக்கு என்று பெயர். 1963-இல் இங்கிலாந்தில் எட்வர்ட் கிரேவன் வாக்கர் என்பவர் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். ஒரு மதுக்கடையில், முட்டை வேகும் நேரத்தைக் காட்ட யாரோ செய்துவைத்திருந்த கருவியைப் பார்த்துத்தான் அவருக்கு இந்த எண்ணமே பிறந்தது.

கடை விளக்கில் இருப்பது மெழுகு. அதன் பக்குவத்தைக் கம்பெனிக்காரர்கள் சொல்லமாட்டார்கள். அதனால் வீட்டில் செய்கிறவர்கள் சிலர் மெழுகுக்குப் பதில் பென்சைல் ஆல்கஹால் என்ற திரவத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு லிட்டர் சுமார் 1,040 கிராம், அதாவது தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம். லிட்டர் தண்ணீருக்கு ஏறத்தாழ 50 கிராம் உப்பைக் கரைத்தால் இரண்டும் அநேகமாகச் சமமாகிவிடும். அடியில் குண்டு பல்பு எரியும்போது, அந்தத் திரவம் உப்புநீரைவிட அதிகமாக விரிந்து, லேசாகி எழும்பும். மேலே ஆறியதும் இறங்கும். விதைநெல் பொறுக்க உப்புநீரில் முட்டையை மிதக்கவிட்டுப் பார்ப்பார்களே, ஏறக்குறைய அதே கணக்குதான்.

நான் செய்த விளக்கு ஒரு கோடையில் மக்கர் செய்தது. மூடி தளர்ந்திருந்ததால் தண்ணீர் ஓர் அங்குலம் வற்றிவிட்டது. பழைய அளவிலேயே உப்புநீர் கரைத்து ஊற்றினேன். அவ்வளவுதான், உருண்டை மேலே போய், கடைந்த மோரில் வெண்ணெய் மிதப்பதுபோல நின்றுகொண்டது. இரண்டு மணி நேரம் பார்த்தும் இறங்கவில்லை. பிறகுதான் உறைத்தது: ஆவியாகிப் போனது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயேதான் இருந்தது! சிரிஞ்சால் கொஞ்சம் உப்புநீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைக் கரண்டி கரண்டியாக விட்டேன். ஏழாவது கரண்டியில் உருண்டை அசைந்தது.

வற்றியிருந்தால் வெறும் தண்ணீர், ஒழுகியிருந்தால் உப்புநீர். நிரப்புகிறவர் இதை மறக்கவே கூடாது. சூடேறிய பிறகும் உருண்டை அடியிலேயே படுத்துக் கிடந்தால், அடர்த்தியான உப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேருங்கள். ஒவ்வொரு தடவையும் பொறுத்துப் பாருங்கள். அவசரக்காரருக்கு இந்த வேலை ஒத்துவராது. கல் உப்பானால் கரைத்து வடிகட்டிவிடுங்கள், இல்லையென்றால் நீர் கலங்கும். சூடான விளக்கைக் குலுக்கினாலும் கலங்கும்.

உருண்டை எழும்பாத பல விளக்குகளில் கோளாறே இருக்காது. குண்டு பல்பு கிடைக்கவில்லை என்று எல்.இ.டி. பல்பை மாட்டியிருப்பார்கள். வெளிச்சம் வரும், போதிய சூடு வராது; உருண்டை எப்படி எழும்பும்?

பென்சைல் ஆல்கஹால் பல பிளாஸ்டிக்குகளை அரித்துவிடும். கண்ணாடிக் குடுவைதான் வேண்டும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

2004-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கென்ட் என்ற ஊரில், ஓர் இளைஞர் லாவா விளக்கை அடுப்பில் வைத்துச் சூடாக்கினார். அது வெடித்துக் கண்ணாடித் துண்டு நெஞ்சில் பாய்ந்து இறந்துபோனார். சூட்டில் திரவம் விரியும் என்பதால், குடுவையின் கழுத்தில் இரண்டு விரற்கடை இடம் விட்டு நிரப்புங்கள். எவ்வளவு நேரமானாலும் பல்பின் சூடே போதும். அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.