மையவாடியில் கருவை வெட்டியவர்கள்

(அறக்கட்டளையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில், வரவு செலவு அறிக்கை வாசிக்கப்பட்ட பின் செயலாளர் ஆற்றிய உரை)



பெரியோர்களே, திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, சகோதரர்களே!

இப்போது வாசித்த கணக்கில் இரண்டு வரிகள் வந்தன. வரவுப் பக்கத்தில் ‘மையவாடி விறகு விற்ற வகையில் ரூ. 38,000’. ஜகாத் கணக்கில் ‘மருத்துவ உதவி, ஒருவருக்கு ரூ. 15,000’. இரண்டும் வேறு வேறு பக்கத்தில் இருப்பதால் யாருக்கும் கேள்வி எழவில்லை. ஆனால் இரண்டும் ஒரே விஷயம்தான். அதைச் சபையில் சொல்லிவிட வேண்டும் என்று நிர்வாகத்தில் முடிவு செய்தோம்.

நம் மையவாடி எப்படிக் கிடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். சந்தூக்கைத் தூக்கி வருகிறவர்கள் கருவைக் கிளைக்குக் குனிந்து குனிந்து வர வேண்டியிருந்தது. இப்போது கிழக்குப் பாதி சுத்தமாகிவிட்டது. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகள் படத்தைப் பார்த்துவிட்டு போன் போட்டுப் பாராட்டினார்கள். பாராட்டை நாங்கள் வாங்கிக்கொண்டோம். வெட்டியவர்கள் யார் என்று யாரும் கேட்கவில்லை; நாங்களும் சொல்லவில்லை.

குத்தகைக்காரர் ஆள் வைத்து வெட்டிக்கொள்வார், விறகை அவரே எடுத்துக்கொள்வார், நமக்கு ஒரு தொகை தருவார். இதுதான் பேச்சு. செலவில்லாமல் வேலையும் முடிகிறது, உள்ளே பணமும் வருகிறது என்று சந்தோஷப்பட்டோம். வேலை தொடங்கிய மூன்றாம் நாள், நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு சகோதரர், பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், புதருக்குள் மிஷினை விட்டு அறுத்துக்கொண்டிருந்தார். வாளின் நுனி உள்ளே மறைந்திருந்த ஒரு பழைய தூரில் பட்டது. மிஷின் துள்ளி, தொடையில் இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் துண்டால் இறுக்கிக் கட்டி, கிடைத்த காரில் ஏற்றிக்கொண்டு ஓடினார்கள். பெரிய ரத்தக்குழாய் தப்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் இரண்டரை மாதம் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்பது அவருடைய மனைவிக்குத்தான் தெரியும்.

பிறகு விசாரித்தோம். அந்த மிஷினின் முன் கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு இருக்க வேண்டும். வாள் துள்ளும்போது அது விழுந்து சங்கிலியை அப்படியே நிறுத்தும். அந்தத் தடுப்பு உடைந்து ஒரு வருடமாகிவிட்டதாம். ஒப்பந்தம் பேசிய அன்று நாங்கள் மூன்று பேர் போயிருந்தோம். டன் என்ன விலைக்குப் போகிறது என்று கேட்டோம். மிஷினை ஒருவரும் பார்க்கவில்லை.

அதன்பின் அந்தச் சகோதரருடனும் அவரோடு வேலை செய்கிறவர்களுடனும் பலமுறை உட்கார்ந்து பேசினோம். கருவை வெட்டுவது பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தோம். ராமநாதபுரத்துக்காரனுக்குக் கருவையைப் பற்றி யார் சொல்லித்தர வேண்டும்? அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த மரம், நிலத்தடி நீர், கரி மூட்டம், ஆடு நெற்றைத் தின்று போகிற இடமெல்லாம் முளைப்பது என்று மணிக்கணக்கில் பேசுவோம். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சீமைக்கருவேலத்தை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது ஊரெல்லாம் அதே பேச்சு. மரத்தைப் பற்றிப் பேசினோமே தவிர, முள்ளுக்குள் நுழைந்து அதை வெட்டுகிறவனைப் பற்றி எந்த டீக்கடையிலும் பேசிக் கேட்டதில்லை.

அவர்கள் பஜ்ர் தொழுத கையோடு கிளம்பிவிடுகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் முடிந்த மட்டும் வெட்ட வேண்டும். கருவை நேராக வளர்கிற மரமல்ல; ஒரே தூரிலிருந்து நாலைந்து கிளை பிரிந்து, ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். கவைக்கம்பால் ஒருவர் முள்ளைத் தள்ளிப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே புகுந்து அறுக்கிறார். வளைந்து நிற்கும் கிளையை அறுத்தால் அது வில் மாதிரி நிமிர்ந்து முகத்தில் அடிக்கும். பெண்கள் பின்னாலேயே வந்து முள்ளை ஒதுக்கிக் கட்டு கட்டுகிறார்கள். கூலி எடைக்கணக்கு. ஆகவே உட்கார்ந்த நேரத்துக்குக் காசு கிடையாது. தண்ணீர் குடிக்கிற நேரத்துக்கும் கிடையாது.

காலில் டயர் செருப்பு. கருவை முள் அதையும் துளைக்கும். முள் குத்தினால் பிடுங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். நுனி ஒடிந்து உள்ளே நின்றுவிட்டால்தான் வினை. மூட்டுக்குள் நின்றால் மாதக்கணக்கில் வீங்கும், வடியும், மறுபடி வீங்கும். எக்ஸ்ரேயில் மரமுள் பெரும்பாலும் தெரியாது, ஸ்கேனில்தான் தெரியும். எக்ஸ்ரேயைப் பார்த்து ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒருவர், விரல் மடங்காமல் இப்போது வாட்ச்மேன் வேலை பார்க்கிறார்.

இது கண்ணுக்குத் தெரிகிற காயம். தெரியாதது கையிலும் காதிலும் இருக்கிறது. மிஷின் ஐந்தாறு கிலோ இருக்கும். அது அதிர்ந்துகொண்டே இருப்பதால் வருடங்கள் போகப் போக விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. குளிர் நாடுகளில் விரல் வெள்ளை வெளேரென்று வெளுத்துவிடும் என்கிறார்கள். நம் வெயிலில் அது அவ்வளவாகத் தெரிவதில்லை. மதமதப்பும் பிடி தளர்வதும்தான் தெரிகிறது. சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, தேநீர்க் கிளாஸ் நழுவுகிறது என்று ஒரு காக்கா சொன்னார். அவருக்கு இன்னும் ஐம்பது வயதாகவில்லை. இது முற்றிவிட்டால் மிஷினை விட்டாலும் முழுதாகத் திரும்பாது. சத்தமும் அப்படித்தான். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் வேலை செய்யலாம் என்று ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கின்படி 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். இந்த மிஷின் 100-ஐத் தாண்டும். நம் ஆட்கள் காதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் நாள் முழுக்க அறுக்கிறார்கள். பாங்கு கேட்கவில்லை, பக்கத்து ஆள் கிளம்புவதைப் பார்த்துத்தான் தொழப் போகிறேன் என்று அதே காக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். எங்களால் சிரிக்க முடியவில்லை.

2018 நவம்பரில் கஜா அடித்தபோது இவர்களில் சிலர் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் போய் வாரக்கணக்கில் விழுந்த மரங்களை அறுத்து வழி திறந்தார்கள். மிஷின் வாங்கிய கடனை அடைத்தது அந்த வேலையில்தான் என்று ஒருவர் சொன்னார். விழுந்து கிடக்கும் மரம் நிற்கிற மரத்தைவிட ஆபத்து என்பதும் அங்கேதான் தெரிந்ததாம். எந்தப் பக்கம் பாரம் அழுத்துகிறது என்று தெரியாமல் வாளை வைத்தால், மரம் உருண்டு ஆள் மேலே வரும்.

இனி கணக்குக்கு வருகிறோம். அந்த 15,000 ரூபாயை ஜகாத்திலிருந்து கொடுத்தோம். கொடுத்தபோது நல்ல காரியம் செய்த நினைப்புதான் இருந்தது. பிறகு மனம் உறுத்தியதால் ஹஜ்ரத்திடம் கேட்டோம். “அவர் ஏழை, ஜகாத் பெறத் தகுதியானவர், அதில் பிரச்சினை இல்லை. ஆனால் உங்கள் வேலையில், உங்கள் கவனக்குறைவால் அடிபட்டவருக்கு நீங்கள் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தீர்களா, அல்லது ஊரார் ஜகாத்தை எடுத்து உங்கள் பொறுப்பைக் கழித்துக்கொண்டீர்களா?” என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. கூலியைத் தாமதிக்காமல் கொடுக்க வேண்டும் என்று ஜும்ஆவில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். கொடுத்தும் வருகிறோம். ஆனால் கூலியில் எது எது அடங்கும் என்று யோசிக்கவில்லை.

எனவே விறகு வரவு 38,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயை ஜகாத் கணக்கில் திரும்பச் சேர்க்கிறோம். மீதம் 23,000-ஐ அந்தச் சகோதரருக்கு, வேலையில்லாமல் இருந்த நாட்களுக்காகக் கொடுப்பதாகத் தீர்மானம் வைத்திருக்கிறோம். உதவி என்ற பெயரில் அல்ல, பாக்கி என்ற பெயரில். அப்படியென்றால் மையவாடி விறகில் அறக்கட்டளைக்கு லாபம் ஒன்றுமில்லை. ஆட்சேபம் இருப்பவர்கள் இப்போதே, இந்தச் சபையிலேயே சொல்லிவிடுங்கள்.

மேற்குப் பாதி பாக்கி இருக்கிறது. இந்த முறை தடுப்பு சரியாக இல்லாத மிஷின் வாசலைத் தாண்டாது. நாலு ஜோடி கனத்த பூட்ஸ், தலைக்கவசம், கம்பிவலை முகமூடி, காதடைப்பு, சங்கிலி பட்டால் சிக்கிக்கொண்டு நின்றுவிடும் நார் வைத்த கால்சட்டை எல்லாம் அறக்கட்டளைச் செலவில் வாங்குகிறோம். கால்சட்டை வெயிலுக்குத் தாங்காது என்று அவர்களே முணுமுணுக்கிறார்கள். நியாயம்தான். அதனால் காலை பத்து மணிக்கு மேல் மிஷின் வேலை இல்லை; கூலி எடைக்கல்ல, நாளுக்கு. கடைசி டிடி ஊசி எப்போது போட்டார்கள் என்று கேட்டு, பத்து வருடமாகியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடச் சொல்லியிருக்கிறோம். விரியன் இருக்கிற இடம். கடித்தால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம், நேரே அரசு மருத்துவமனைக்குத்தான் என்றும் பேசி வைத்திருக்கிறோம்.

உடலுழைப்புத் தொழிலாளர் நல வாரியம் என்று அரசு வைத்திருக்கிறது. இவர்களில் ஒருவர்கூட அதில் பதியவில்லை. ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தக நகலோடு வரும் ஞாயிறு அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வரச் சொல்லுங்கள். நம் கல்லூரிப் பிள்ளைகள் இருவர் விண்ணப்பம் போட்டுத் தருவார்கள். வெட்டுகிறவர்கள் மட்டுமல்ல, கட்டு கட்டும் பெண்களும் வர வேண்டும். அவர்களைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

வீட்டுக் கொல்லையில் தென்னை, வேம்பு கழிக்க ஆள் கூப்பிடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மேலே கரண்டு கம்பி போனால் மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்திய பிறகே ஆளை ஏற்றுங்கள். பச்சைக் கிளையிலும் கரண்டு பாயும். “சும்மா ரெண்டு கிளைதானே, மாமா” என்று அவரே சொன்னாலும் விடாதீர்கள். வாங்கி வைக்கும் தலைக்கவசமும் முகமூடியும் அலுவலகத்தில் இருக்கும். பெயர் எழுதிவிட்டு எடுத்துப் போய்த் திருப்பித் தரலாம். வாடகை இல்லை.

மேற்குப் பக்கத்தில் தங்கள் குடும்பத்தார் கபர் இருப்பவர்கள், மீசான் கல் புதருக்குள் மறைந்திருந்தால், வேலை தொடங்குவதற்கு முன் வந்து அடையாளம் காட்டிவிடுங்கள். வாள் கல்லில் பட்டாலும் துள்ளும்.

வஸ்ஸலாம்.