பல்கலைக்கழகமும் பத்திரிகையாளரும்



பத்திரிகையில் பல்லாண்டு பணியாற்றிய ஒருவர், பின்னர்ப் பல்கலைக்கழகம் ஒன்றின் செய்தி அலுவலராகச் செல்வது மேலை நாடுகளில் வழக்கமாக உள்ளது. நேற்றுவரை கேள்வி கேட்டவர் இன்று விடை கூறும் இடத்தில் அமர்கிறார். அவர் இனி யாருக்கு உண்மையாக இருத்தல் வேண்டும்? ஊதியம் தரும் நிறுவனத்துக்கா, செய்தியைப் படிக்கும் மக்களுக்கா? இவ்வினாவையே இன்று சிந்திப்போம்.

இப்பணி ஏன் தேவை என்பதை முதலில் காண்போம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் பாற்பண்ணைகள் மலிந்தது. அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஸ்டீபன் பாப்காக் என்பவர், பாலிலுள்ள கொழுப்பை எளிதில் அளக்கும் முறையொன்றை 1890-இல் வெளியிட்டார். நல்ல பாலுக்கும் நீர் கலந்த பாலுக்கும் ஒரே விலை என்ற அநீதி அதனால் நீங்க வழி பிறந்தது. ஆனால், இத்தகைய அறிவு ஆய்வுக்கூடத்திலேயே அடைபட்டுக் கிடந்தால் உழவனுக்கு என்ன பயன்? பத்திரிகைத் தொழிலில் ஈடுபட்ட குடும்பத்தில் பிறந்த வில்லார்ட் பிளேயர், அப்பல்கலைக்கழகத்தின் செய்திகளை இதழ்களுக்கு எழுதியனுப்பும் பணியை 1904-இல் தொடங்கினார். அடுத்த ஆண்டே இதழியல் வகுப்பையும் நடத்தலானார்.

ஆனால், செய்தியை அனுப்பினால் மட்டும் போதுமா? அது எந்த அளவுக்கு உண்மை என்பதையும் கூறவேண்டும் அல்லவா? இரு நிகழ்ச்சிகளை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்க ஜோனஸ் சால்க் கண்ட மருந்து, 1954-இல் நடந்த பெருஞ்சோதனைக்கு உள்ளாயிற்று. ஏறத்தாழ 18 லட்சம் குழந்தைகள் அதில் பங்குகொண்டனர். முடிவை மதிப்பிட்டவர் சால்க் அல்லர். மிச்சிகன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் தாமஸ் பிரான்சிஸ். 1955 ஏப்ரல் 12-ஆம் நாள் அங்கு அறிக்கை வெளியாயிற்று. நிருபர்கள் முண்டியடித்து அதன் படிகளைப் பறித்தனர். அத்தனை ஆரவாரத்திலும், பக்கவாத வகை நோயை அம்மருந்து நூற்றுக்கு 80 முதல் 90 வரையே தடுத்தது என்று அறிக்கை அளவோடு கூறிற்று.

மற்றொன்று யூட்டா பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. சாதாரண வெப்பநிலையில் அணுக்கருப் பிணைவை நிகழ்த்திவிட்டதாகப் பான்ஸ், பிளெய்ஷ்மன் என்னும் இரு வேதியியலார் 1989 மார்ச் 23-ஆம் நாள் பத்திரிகையாளர் கூட்டத்தில் அறிவித்தனர். ஆய்வுக்கட்டுரை அப்போது வெளிவரவில்லை. உலகமெங்கும் பரபரப்பு உண்டாயிற்று. பிற ஆய்வுக்கூடங்கள் பல முயன்றும் அதனை உறுதிசெய்ய இயலவில்லை. அறிவித்த வேகத்திலேயே புகழும் சரிந்தது.

முன்னதில் சோதனை முடிந்தபின் செய்தி வந்தது. பின்னதில் செய்தி முந்திக்கொண்டது. எத்தனை பேரிடம் சோதித்தீர்கள், வேறு யார் சரிபார்த்தார், எது இன்னும் விளங்கவில்லை எனக் கேட்கும் பழைய நிருபர் வழக்கத்தைச் செய்தி அலுவலர் அலுவலக வாயிலில் கழற்றி வைத்துவிடலாகாது.

என் சொந்தத் தவறு ஒன்றையும் கூறுகிறேன். நான் தலைமையாசிரியனாயிருந்த காலத்தில், ஓராண்டு பொதுத்தேர்வில் எங்கள் மாணவர் அனைவரும் தேறினர். பெருமையோடு செய்தி எழுதி உள்ளூர் நிருபரிடம் தந்தேன். அவர் படித்துவிட்டு, "ஐயா, ஆண்டுத் தொடக்கத்தில் வகுப்பில் எத்தனை பேர் இருந்தார்கள்?" என்று பணிவாகக் கேட்டார். ஏழு பேர் இடையில் நின்றுவிட்டிருந்தனர். அவர்களைப் பற்றி நான் ஒரு சொல்லும் எழுதவில்லை. முதலில் சினம் வந்தது. பிறகு நாணம் வந்தது. அந்த ஏழு பேரின் வீடுகளைத் தேடிச் சென்றேன். மூவர் மீண்டும் பள்ளிக்கு வந்தனர். அந்தக் கேள்வி எழாதிருந்தால் பள்ளிக்குப் புகழ் கிடைத்திருக்கும். அம்மூவருக்குப் படிப்பு கிடைத்திராது.

ஆகவே, இளைஞர்களே! நீங்கள் நாளை எந்த நிறுவனத்தின் சார்பில் பேசினாலும், மறைக்கத் தோன்றும் எண்ணையும் சேர்த்தே கூறுங்கள். படிப்பவர்க்கு உண்மையாயிருப்பதே நிறுவனத்துக்கும் உண்மையாயிருப்பதாகும்.