உல்லமும் ஜிலேபிக் கெண்டையும்

கடல் மீன்வளத்தையும் நீர்வாழ் உயிரினங்களையும் ஆராயும் இக்கருத்தரங்கு அலையோசை எட்டாத மேட்டூரில் கூடியிருப்பதற்குத் தக்க காரணம் உண்டு. 1934இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தில் பரிசலேறி வலை விடுவோர்க்கு இன்று கிடைக்கும் மீனிலும், கிடைக்காமற்போன மீனிலும் கடற்கரையின் பங்கு இருக்கிறது.

கிடைக்காமற்போனது உல்லம். கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காக ஆற்று வெள்ளத்தை எதிர்த்து ஏறும் இம்மீனின் வழியைத் தடுப்பணைகள் அடைப்பதையும், மீன் ஏறிச் செல்ல அணைகளில் வழி அமைக்கவேண்டியதன் தேவையையும் மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே தம் 1873ஆம் ஆண்டு மீன்வள அறிக்கையிலேயே எடுத்துரைத்தார். கொள்ளிடத்துக் கீழணையால் முன்பே தடைப்பட்டிருந்த காவிரி உல்லத்திற்கு, மேட்டூரில் வெள்ளம் தேக்கப்பட்டது மேலும் ஓர் இடராயிற்று.

புதிதாக வந்தது ஜிலேபிக் கெண்டை. 1947இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இராமநாதபுரம் கடற்கரையிலுள்ள மண்டபத்தில் இயங்கிவந்த காலத்தில், குளங்களில் வளர்த்து உணவுப் பற்றாக்குறையைக் குறைக்கலாம் என்னும் நல்ல நோக்கத்துடன், ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இம்மீன் 1952இல் பாங்காக்கிலிருந்து அங்குக் கொண்டுவரப்பட்டது. குளத்தோடு நில்லாமல் ஆறுகளிலும் அணைகளிலும் பரவிய அதன் வெற்றிக்கு இனப்பெருக்க முறையே முதற்காரணம். ஆண்மீன் கரையோரத்து ஆழமற்ற நீரில் தட்டுப்போன்ற குழி பறிக்க, அதில் இட்ட முட்டைகளைப் பெண்மீன் வாயிலேயே அடைகாத்து, குஞ்சுகள் நீந்தத் தொடங்கிய பின்னும் ஆபத்து நேரும்போது அவற்றை வாய்க்குள் சேர்த்துக்கொள்கிறது. வலையிலிருந்து எடுக்கும் பெண்மீனின் தொண்டைப் பகுதி உப்பியிருப்பதையும், கையில் பிடித்த மாத்திரத்தில் அது குஞ்சுகளை உமிழ்வதையும் மீனவர் நன்கறிவர். பாசனத்திற்காக நீரைத் திறந்துவிடும்போது கரை பின்வாங்கிக் குழிகள் காய்ந்தாலும், ஆண்டில் பலமுறை இனம்பெருக்கும் இம்மீன் வேறிடத்தில் மீண்டும் குழி பறித்துக்கொள்கிறது.

காவிரிக்கே உரிய கருமுழிக் கெண்டை போன்றவற்றுக்கு அவ்வசதி இல்லை. தென்மேற்குப் பருவமழையின் புதுவெள்ளத்தில் நீரோட்டத்தை நாடி மேலேறி முட்டையிடும் இயல்பினவாதலால், வெள்ளம் பிந்தினாலோ பொய்த்தாலோ அவை ஓராண்டுத் தலைமுறையையே இழக்க நேர்கிறது. ஆகவே, பிடிபடும் மீனின் மொத்த எடை குறையவில்லை என்பதைக் கொண்டு நீர்த்தேக்கம் நலமாக இருப்பதாக முடிவுகட்டுவது பெரும்பிழை. ஓர் இனம் தேய்வதை மற்றோர் இனத்தின் பெருக்கம் அக்கணக்கில் மறைத்துவிடும்.

இவ்விடத்தில் கடலோர ஆய்வகம் கற்றுத்தரும் பாடம் ஒன்று உண்டு. எல்லாத் துறைகளிலும் எல்லா நாளும் மீனை எண்ண இயலாது என்பதை உணர்ந்த மண்டபத்து ஆய்வாளர்கள், கரையை மண்டலங்களாகப் பிரித்து, இறங்குதுறைகளையும் நாட்களையும் வாய்ப்பு முறையில் தெரிந்தெடுத்து, அங்கு எண்ணியதிலிருந்து மொத்தப் பிடிப்பைக் கணிக்கும் அடுக்கு மாதிரி முறையை உருவாக்கினர். அதே ஒழுங்கில் பண்ணவாடி, கோட்டையூர், நாகமரை ஆகிய துறைகளில் இனவாரியாக, நீளமும் சினைநிலையும் குறித்து, அன்றைய நீர்மட்டத்துடன் சேர்த்துப் பதியவேண்டும். நீர்மட்டத்தைப் பிரித்துவிட்ட மீன் கணக்கு மேட்டூரில் பொருளற்றது. மீனின் செவியிலுள்ள சுண்ணக் கற்களின் வளையங்களைக் கொண்டு வயதறியும் ஆய்வும் இதனோடு இணையுமானால், எந்த ஆண்டு வெள்ளம் எத்தனை குஞ்சுகளைக் கரைசேர்த்தது என்பது தெளிவாகும்.

நீர்த்தேக்கத்திற்கு மேலே, ஒகேனக்கல் பக்கத்துக் காவிரிக் காடுகள் 2022இல் காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. அங்குள்ள நீர்நாயும் சதுப்பு முதலையும் மீனவர் நம்பியிருக்கும் அதே மீனையே உண்டு வாழ்கின்றன. வலையை நீர்நாய் கிழிக்கும்போது ஏற்படும் இழப்பு ஏழை மீனவனின் அன்றைய கூலியாகும். அதனை அளந்து ஈடுசெய்யாமல் விலங்கைக் காக்குமாறு அவனிடம் கோருவது அறமாகாது. ஆதலால் மீன்வளத் துறையும் வனத்துறையும் தனித்தனியே வைத்திருக்கும் பதிவேடுகளை ஒரே மேசையில் வைத்து ஒப்புநோக்கும் பணியை இக்கருத்தரங்கின் முதல் அமர்வு ஏற்கவேண்டும். அவ்வமர்வில் பரிசல் மீனவர்களும் ஆய்வாளர்களுக்கு நிகராக அமர்ந்து பேசவேண்டும்.