வாங்கிய பொருள் யாருடையது?

விலைகொடுத்து நாம் வாங்கிய பொருளை விற்றவரே மீளப் பறிக்கலாமா? வீடியோ விளையாட்டுத் தொழிலில் இன்று எழுந்துள்ள பெருவழக்கு இதுவே.

பிரான்சு தேசத்து யூபிசொஃப்ட் நிறுவனம் 2014ஆம் ஆண்டில் 'த குரூ' என்னும் மோட்டார்ப் பந்தய விளையாட்டை வெளியிட்டது. நிறுவனத்தின் சேர்வருடன் தொடர்பின்றி அது இயங்காது. 2024 மார்ச் 31இல் சேர்வர் நிறுத்தப்பட்டது. தனியே ஆடியவர்க்கும் விளையாட்டு அற்றுப்போயிற்று.

இதனை எதிர்த்து ரொஸ் ஸ்கொட் என்பார் இயக்கந் தொடங்கினார். ஐரோப்பிய ஒன்றியத்துக்கான மனுவில் 2025 யூலைக்குள் பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோர் ஒப்பமிட்டனர்.

சேர்வரை என்றென்றும் நடத்துதல் பெருஞ்செலவு என்பர் நிறுவனத்தார். உண்மையே. ஆயின், மனுதாரர் அதனைக் கேட்டாரல்லர். கைவிடுமுன் விளையாட்டை இயங்கும் நிலையில் விட்டுச் செல்க என்பதே அவர் வேண்டுகோள். இது நியாயமென்றே நாம் கருதுகின்றோம்.

பின்னர் பறிக்கத்தக்க மின்பொருளை விற்போர், அது வெறும் அனுமதியே எனத் தெளிவாகக் கூறல் வேண்டுமெனக் கலிபோர்னியாவில் 2025 முதல் சட்டமுண்டு.

வாலிபர்களே! பணஞ் செலுத்துமுன், வாங்குகின்றோமா, இரவல் பெறுகின்றோமா என வினவுவோமாக. பெற்றோரும் உடனிருந்து வினவுவாராக.