நுண்ணலை அடுப்பின் எண்திரை

நம் அன்னையர் அடுப்பின் நிலையைத் தம் புலன்களாலேயே அறிந்தனர். உலை கொதிக்கும் ஓசையும், பருப்பு வேகும் மணமும், தணலின் நிறமுமே அவர்களுக்குக் கடிகாரமாயும் வெப்பமானியாயும் இருந்தன. இன்று பல இல்லங்களில் இடம்பெற்றுவிட்ட நுண்ணலை அடுப்போ, அதாவது 'மைக்றோவேவ்' என்று நாம் வழங்கும் சாதனமோ, இத்தகைய அடையாளங்களை நமக்குத் தருவதில்லை. அதிலே சுவாலை இல்லை, புகை இல்லை, தணலும் இல்லை. உள்ளே நடப்பதை நமக்கு உரைக்க அதற்குள்ள வாய், முகப்பில் ஒளிரும் சிறிய எண்திரை ஒன்றே. அத்திரையின் மொழியை அறிந்து கொள்வதும், அதனைப் பேணுவதும், எந்த எல்லையிலே நம் கையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பதை உணர்வதுமே இன்றைய பேச்சின் பொருளாகும்.

நுண்ணலைகளால் உணவு சூடாகும் என்பதை 1945ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியியலாளரான பேர்சி ஸ்பென்சர் கண்டறிந்தார். 1947இல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்புகள் ஆளுயரம் உடையனவாக இருந்தன. மேசைமீது வைத்துப் பயன்படுத்தக்கூடிய வீட்டு அடுப்பு 1967இலேதான் பரவலாக விற்பனைக்கு வந்தது. அக்கால அடுப்புகளுக்கு எண்திரை கிடையாது. நேரத்தைக் குறிக்கத் திருகு குமிழ் ஒன்றே இருந்தது. அதே 1967ஆம் ஆண்டில், யப்பானியர் வெற்றிடக் குழாயினுள் எண்களை நீலப்பச்சை நிறத்தில் ஒளிரச் செய்யும் திரையை உருவாக்கினர். முதலிற் கணிப்பான்களுக்குப் பயன்பட்ட அத்திரை, பிற்காலத்திற் சமையலறைக்கும் வந்து சேர்ந்தது.

இன்று நாம் காணும் திரைகள் பெரும்பாலும் மூவகைப்படும். முதலாவது, மேற்கூறிய நீலப்பச்சைத் திரை. ஆண்டுகள் செல்லச் செல்ல இதன் ஒளிப்பூச்சு தேய்ந்து மங்குவது இயல்பு. இரண்டாவது, ஒளிகாலும் சிறு மின்துணுக்குகளாலான திரை. இதில் முழுத்திரையும் மங்காமல் ஒரு கோடு மாத்திரம் அணைந்துபோதல் உண்டு. மூன்றாவது, திரவப் பளிங்குத் திரை. இது நேரே நின்று பார்க்கும்போது தெளிவாயும், பக்கத்திலிருந்து பார்க்கும்போது மங்கலாயும் தோன்றக்கூடும். ஆகையால், திரை மங்கிவிட்டதென்று முடிவு கட்டுமுன் கண்மட்டத்திற்கு நேரே நின்று ஒரு முறை பார்த்தல் நன்று.

இத்திரைகளில் ஒவ்வோர் எண்ணும் ஏழு சிறு கோடுகளால் ஆனது. எட்டு என்னும் எண்ணுக்கு ஏழு கோடுகளும் ஒளிரும். ஏழு என்னும் எண்ணுக்கு மேற்கோடு ஒன்றும் வலப்பக்கக் கோடுகள் இரண்டுமாக மூன்றே ஒளிரும். அந்த மேற்கோடு அணைந்துவிட்டால் ஏழு ஒன்றாகவே தோன்றும். ஒரு பாட்டியார் பேரக்குழந்தைக்குப் பால் சூடாக்க ஒரு நிமிடம் குறிக்க எண்ணி, கைதவறி ஏழாம் பொத்தானை அழுத்திவிட்டதாகக் கொள்வோம். திரையில் ஒன்று என்றே தெரிகிறது. அவரும் ஐயமின்றித் தொடக்கப் பொத்தானை அழுத்துகிறார். பால் பொங்கி வழிவது சிறு தீங்கு. கொதிக்கும் பாத்திரத்தை அறியாது கையில் எடுப்பதும், குழந்தைக்குக் கொடுப்பதும் பெருந்தீங்கல்லவா? நுண்ணலையிற் பால் எங்கும் ஒரே சீராகச் சூடேறுவதில்லை. ஆதலால் திரை எதைக் காட்டினும், பாலைக் கலக்கி, சூட்டைச் சோதித்த பின்னரே குழந்தைக்குக் கொடுத்தல் வேண்டும்.

கோடுகள் யாவும் ஒளிருகின்றனவா என்று சோதிப்பது எளிது. எண் பொத்தான்கள் உள்ள அடுப்பாயின், எட்டு என்ற பொத்தானை நான்கு முறை அழுத்துக. நான்கு எட்டுகளும் குறைவின்றித் தெரிந்தால் திரை நலமாக உள்ளது. பின்பு, தொடக்கப் பொத்தானைத் தொடாமல், அழிக்கும் பொத்தானை அழுத்திவிடுக. அடுப்பினுள் உணவின்றி அதனை ஓடவிடல் ஆகாது. மாதம் ஒருமுறை இச்சோதனையைச் செய்யலாம்.

எண் பொத்தான்களிலே இன்னுமொரு மயக்கம் உண்டு. பல அடுப்புகளில் 90 என்று அழுத்தினால் தொண்ணூறு விநாடிகள் ஓடும். 100 என்று அழுத்தினாலோ, அது ஒரு நிமிடம், அதாவது அறுபது விநாடிகள் எனக் கொள்ளப்படும். வலப்பக்க இரண்டு இலக்கங்கள் விநாடியையும், இடப்பக்க இலக்கங்கள் நிமிடத்தையும் குறிப்பதே இதற்குக் காரணம். பெரிய எண் எப்போதும் நீண்ட நேரம் என்று எண்ணி ஏமாறாதிருத்தல் வேண்டும்.

இனி, திரையிலுள்ள கடிகாரத்தைப் பார்ப்போம். மின்சாரம் நின்று மீண்டதும் பல அடுப்புகளின் திரையில் பூச்சியங்கள் கண்சிமிட்டுவதைக் காணலாம். 2022ஆம் ஆண்டில் நாளுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு நேர்ந்தபோது நம் நாட்டு இல்லங்கள் இக்காட்சியை நன்கு அறிந்திருந்தன. இது பழுதன்று, நேரத்தைக் குறித்துத் தருமாறு அடுப்பு விடுக்கும் வேண்டுகோளே. சில அடுப்புகள் நேரம் குறிக்கப்படும்வரை இயங்கமாட்டா. மேலும், பல அடுப்புகளின் கடிகாரம் மின்னோட்டத்தின் துடிப்பை எண்ணியே நேரத்தைக் கணிக்கிறது. நம் நாட்டில் அத்துடிப்பு விநாடிக்கு 50 தடவை. அது குறைந்தால் கடிகாரமும் பிந்தும். 2018ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சேர்பியாவுக்கும் கொசோவோவுக்கும் இடையிலான பிணக்கால் மின்வழங்கலிற் பற்றாக்குறை ஏற்பட, ஐரோப்பியக் கண்டத்தின் பல நாடுகளில் அடுப்புக் கடிகாரங்கள் ஏறத்தாழ ஆறு நிமிடங்கள் பிந்தின. வீட்டு மின்பிறப்பாக்கியில் ஓடும் அடுப்பின் கடிகாரம் முந்துவதும் பிந்துவதும் இக்காரணத்தாலேயே.

திரை முற்றிலும் இருண்டுவிட்டால் பதற்றம் வேண்டாம். முதலில் கதவைத் திறந்து மூடுக. அல்லது ஒரு பொத்தானை அழுத்துக. மின்சாரத்தைச் சேமிக்கச் சில அடுப்புகள் தாமே திரையை அணைத்துக்கொள்வதுண்டு. அடுத்து, அதே செருகுமிடத்தில் ஒரு மேசை விளக்கைப் பொருத்தி, மின்சாரம் வருகிறதா என்று பார்க்க. வருமாயின், அடுப்பின் செருகியைச் சில நிமிடங்கள் கழற்றி வைத்து, மீண்டும் பொருத்துக. திரை ஒளிர்ந்தும் பொத்தான்கள் இயங்காவிடின், குழந்தைகளைக் காக்கும் பூட்டு இடப்பட்டிருத்தல் கூடும். அதனை நீக்கும் முறை அடுப்புடன் வந்த கைந்நூலில் இருக்கும். ஓர் எழுத்தும் சில எண்களும் சேர்ந்து திரையில் தோன்றினால், அது பழுதின் குறிப்பு. செருகியைக் கழற்றுமுன் அதனை ஒரு தாளிற் குறித்துக்கொள்ளுங்கள். பழுது பார்ப்பவருக்கு அக்குறிப்பு பாதி வேலையைக் குறைக்கும்.

திரையைத் துடைக்குமுன் செருகியைக் கழற்ற வேண்டும். மெல்லிய துணியை மிதமான சவர்க்கார நீரில் நனைத்து, நன்கு பிழிந்து துடைத்து, உலர்ந்த துணியால் ஈரத்தைப் போக்கலாம். நீரையோ வேறு திரவத்தையோ திரைமீது தெளித்தல் ஆகாது. விளிம்பு வழியே அது உட்புகும். உராயும் தூளும், மண்ணெண்ணெயும், வர்ணக் கரைப்பானும் திரையின் மேற்பரப்பைக் கெடுத்துவிடும். சோற்றுலையின் ஆவி நேரே படும் இடத்தில் அடுப்பை வைத்தால் திரையினுள் ஈரம் படியும். அடுப்பினுள் ஆவி நிறைந்திருந்தால் சமையல் முடிந்ததும் கதவைச் சிறிது நேரம் திறந்து வைக்கலாம். காற்றுத் துளைகளைத் துணியாலோ பாத்திரத்தாலோ மறைக்கலாகாது. கரப்பானும் எறும்பும் வெதுவெதுப்பை நாடி உட்புகுந்து மின்சுற்றைக் கெடுப்பதுண்டு. ஆதலின், சிந்திய உணவை அன்றன்றே துடைத்துவிடுதல் திரையைக் காக்கும் வழிகளுள் ஒன்று. இடிமின்னல் மிகும் சித்திரை, ஐப்பசி மாதங்களில், மழை தொடங்குமுன்பே செருகியைக் கழற்றி வைத்தல் மிக நன்று.

நேயர்களே, இதுவரை கூறியவை யாவும் வீட்டார் செய்யக்கூடியவை. இனிக் கூறுவது செய்யவே கூடாதது. திரையைச் சீராக்க எண்ணி அடுப்பின் மேலுறையை ஒருபோதும் கழற்றாதீர்கள். உள்ளேயுள்ள நிலைமாற்றியும் அதனோடு சேர்ந்த பகுதிகளும் நம் வீட்டு 230 வோல்ற் மின்சாரத்தைச் சில ஆயிரம் வோல்ற் அளவுக்கு உயர்த்துகின்றன. அங்குள்ள கொள்ளளவி என்னும் உறுப்பு, செருகியைக் கழற்றிய பின்னரும் மின்னேற்றத்தைத் தன்னுட் தேக்கி வைத்திருக்கக்கூடும். அதைத் தொடுவது உயிரையே பறிக்கலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டோமே என்ற துணிவு இவ்விடத்திற் பயன் தராது. கதவு திறந்திருக்கையில் அடுப்பு ஓடினாலும், யாரும் பணியாதபோது அது தானே தொடங்கினாலும், உடனே சுவரிலுள்ள ஆளியை நிறுத்திவிட்டு, பயிற்சி பெற்றவரை அழைப்பதே முறை.

இறுதியாக ஒன்று. இத்திரைகள் இளைஞரின் கண்ணுக்கென்றே அமைந்தன போலத் தோன்றுகின்றன. பார்வை குன்றிய பெற்றோர் வீட்டிலிருப்பின், தொடக்கப் பொத்தானிலும் நிறுத்தும் பொத்தானிலும் விரலுக்குப் புலப்படும்படி சிறு புள்ளிகளை ஒட்டி வையுங்கள். அவர்களை அருகில் அழைத்து, எண்களைப் படிக்கச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் ஊகித்தே அடுப்பை இயக்கி வந்தார்கள் என்பது அப்போது தெரியவரலாம். தெரியவில்லை என்று வாய்விட்டுச் சொல்ல நாணுவோரிடம் நாமே முன்சென்று கேட்டல் வேண்டும். விறகடுப்பின் தணலைப் படிக்க நமக்குக் கற்பித்தவர்களுக்கு, இத்திரையைப் படிக்கக் கற்பித்தல் நம் கடனாகும்.