ஆளில்லாத மனை யாருக்குச் சொந்தம்?

(புதுக்கடையில் விவசாயத் தொழிலாளர்களும் ஆலைத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



1954 ஆகஸ்ட் 11 அன்று துப்பாக்கிச் சூட்டில் ரத்தம் சிந்திய ஊர் இந்தப் புதுக்கடை. 1956 நவம்பர் 1 இல் எல்லை மாறிற்று. நம் குடிசைக்குக் கீழே கிடக்கும் மண் யாருடையது என்ற வழக்கு மட்டும் மாறவில்லை.

உடையவர் வெளிநாட்டில் இருக்கிறார். விளை காடாய்க் கிடக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு தொழிலாளி குடும்பம் தலைமுறையாகக் குடியிருக்கிறது. “பன்னிரண்டு வருஷம் இருந்தால் சொந்தமாமே, மெய்தானா?” என்று எங்களைக் கேட்கிறார்கள். பாதி மெய்.

1963 ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி, தன் நிலத்தைப் பிறர் பகிரங்கமாக, இடைவிடாமல், தனக்கு எதிராக அனுபவிப்பதைப் பார்த்தும் 12 ஆண்டு உடையவன் வழக்குப் போடாவிட்டால் அவன் உரிமையே அற்றுப்போகும். சொத்து புனிதம் என்று ஓதுகிற சட்டம்தான் இதையும் சொல்கிறது! சர்க்கார் நிலமென்றால் 30 ஆண்டு. அதற்கு முந்தைய சட்டத்தில் 60. வாரிசே இல்லாத சொத்து, முதலில் நுழைந்தவனுக்கல்ல, சர்க்காருக்குப் போகிறது. எனவே பூட்டிய வீட்டைக் கண்டதும் பூட்டை உடைக்கலாம் என்று யாரும் புறப்பட வேண்டாம். அது கிரிமினல் வழக்கில் கொண்டுபோய் விடும்.

முன்பு இந்த உரிமையைக் கேடயமாக மட்டுமே காட்டலாம், வாதியாகப் போய் வழக்குப் போட முடியாது என்றார்கள். 2019 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு, வாதியாகவும் போகலாம் என்று தீர்ப்பளித்தது. பொது உபயோகத்துக்கு விட்ட நிலத்தில் இந்த உரிமை வரக்கூடாது என்ற கருத்தையும் அதே தீர்ப்பில் சொன்னது. ஆகவே குளத்தையும் பாதையையும் நம்பி வேலி கட்டாதீர்கள்.

இனி மறுபாதி. “எதிராக” என்ற சொல்லில்தான் சூட்சுமம். வழக்கறிஞர்கள் எதிரிடை அனுபோகம் என்பார்கள். உடையவன் அனுமதித்து இருந்தால் நூறு வருஷம் இருந்தாலும் இது செல்லாது. நம் மக்கள் எப்படிக் குடியேறினார்கள்? “விளையைப் பார்த்துக்கொள், ஓரத்தில் கிடந்துகொள்” என்ற வார்த்தையின் பேரில். தைரியமாக வளைத்துப் போட்டவனுக்குச் சட்டம் வழி விடுகிறது. கைகட்டி நின்றவனுக்கு இல்லை!

புதிய கதையா இது? 1865 இல் திருவிதாங்கூர் சர்க்கார் தன் பாட்ட நிலங்களைக் குடியானவர்களுக்கே சொந்தமாக்கிப் பிரகடனம் செய்தது. பெரிய காரியம்தான். ஆனால் லாபம் யாருக்கு? சர்க்கார் கணக்கில் பெயர் ஏறிய பாட்டக்காரனுக்கு. அவனுக்குக் கீழே மண் வெட்டியவனுக்குக் கணக்கும் இல்லை, பெயரும் இல்லை.

அனுமதியின் பேரில் இருந்தவனுக்கும் மனை வேண்டுமென்றால் தனிச் சட்டம் வேண்டும். 1971 இல் தமிழ்நாட்டில் அது வந்தது: குடியிருப்பு அனுபோகதாரர் சட்டம். அவ்வாண்டு ஜூன் 19 அன்று பிறர் நிலத்தில், வாடகைக்கோ அனுமதியின் பேரிலோ, குடியிருந்த விவசாயிக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் அந்த மனையே சொந்தம் என்றது. நம்மில் எத்தனை பேருடைய தகப்பனார் அன்று அங்கே இருந்தார்! எத்தனை பேர் மனுப் போட்டார்கள்? அண்டி ஆபீஸில் வேலை செய்யும் தோழர்கள் “இது எங்களுக்கில்லையே” என்று எழுந்து போக வேண்டாம். உங்கள் பாட்டனும் தகப்பனும் அன்று வயலில்தான் நின்றார்கள் என்றால், அந்த மனைக்கு நீங்கள் வாரிசு.

இப்போது வேறொரு காகிதம் ஊருக்குள் சுற்றுகிறது. விளையை விற்கப்போகும் உடையவருக்காகத் தரகர் வருகிறார். “தயவால் குடியிருக்கிறேன், கேட்டபோது காலி செய்வேன்” என்று எழுதிக் கொண்டுவந்து, கையில் கொஞ்சம் பணத்தையும் வைக்கிறார். கையெழுத்துப் போட்டால் கோர்ட்டில் நமக்கெதிரான முதல் சாட்சி அதுவே. போடாதீர்கள். பெருவிரலையும் வைக்காதீர்கள்.

வீட்டு வரி ரசீது, மின்சாரக் கட்டண ரசீது, பழைய ரேஷன் கார்டு, பழைய வாக்காளர் பட்டியல், பிள்ளைகளின் பள்ளிச் சான்று எல்லாவற்றையும் தேடி எடுங்கள். தனித்தனியே இவை பத்திரமாகாது, சேர்ந்தால் பேசும். 1971 க்கு முந்திய துண்டுக் காகிதம் கிடைத்தாலும் தங்கம். ஞாயிற்றுக்கிழமை காலை சங்க அலுவலகத்துக்குக் கொண்டுவாருங்கள். வழக்கறிஞர் தோழர் உட்கார்ந்து பார்ப்பார். தரகர் அதற்குள் வந்தால், காகிதத்தின் நகலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, அவரை அனுப்பிவிடுங்கள்.